அஸ்திவாரத்துக்குக் கீழே ஒரு காடு

நம்ம ஊரில் வீடு கட்டும்போது அஸ்திவாரத்தைப் பற்றிக் கொத்தனார் சொல்லும் பாடம் ஒன்றுதான். ஈரம் மேலே ஏறக்கூடாது. செங்கல் விளக்குத்திரி மாதிரி, கீழே ஈரம் பட்டால் மேலே உறிஞ்சிக்கொண்டே போகும். அப்புறம் சுவரில் ஓதம், உப்புப் பூத்தல், பூச்சு பொரிந்து விழுதல் எல்லாம் வரிசையாக வரும். அதைத் தடுக்கத்தான் பேஸ்மெண்ட் மட்டத்தில் 'டிபிசி' என்று ஒரு பட்டை கான்கிரீட் போடுகிறார்கள். ஈரம்தான் வில்லன், வீடு காய்ந்திருந்தால் நல்லது. இது நமக்கெல்லாம் தெரிந்த கதை.

இந்தப் பதிவு அதற்கு நேர் எதிரான கதை. அஸ்திவாரத்தின் ஈரம் காய்ந்தால் ஆபத்து என்று நூறு வருஷமாகப் பயந்துகொண்டிருக்கும் ஓர் ஊரைப் பற்றியது. ஊர் அமெரிக்காவின் பாஸ்டன். ஆன்சைட் போன நம்மாட்கள் நிறைய பேருக்குப் பழக்கமான ஊர்தான். அங்கே 'பேக் பே' என்று ஒரு பகுதி. வரிசையாகச் செங்கல் வீடுகள், முன்னால் கல் படிக்கட்டு, நடுவில் மரம் அடர்ந்த அகலச் சாலை. படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. அந்த அழகெல்லாம் எதன்மேல் நிற்கிறது என்று கேட்டால்தான் விவகாரம்.

சேறு மேல் ஒரு நகரம்

பழைய பாஸ்டன் கிட்டத்தட்ட ஒரு தீவு. ஒல்லியான ஒரு நிலக்கழுத்து மட்டும்தான் அதைக் கரையோடு இணைத்தது. மேற்கே சார்லஸ் ஆற்றின் ஓரமாக இருந்த பேக் பே, பேருக்கேற்ற மாதிரி வெறும் விரிகுடா. கடல் ஏறினால் தண்ணீர், இறங்கினால் சேறு. 1821ல் அதன் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். அலையின் ஏற்ற இறக்கத்தை வைத்து ஆலை ஓட்டுவதாகத் திட்டம். ஆலைகள் பெரிதாக ஓடவில்லை. அணைக்குள் தேங்கிய தண்ணீரில் ஊர்ச் சாக்கடை கலந்து நாற்றம் எடுத்ததுதான் மிச்சம்.

சரி, தூர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். 1850களின் கடைசியில் வேலை தொடங்கியது. சுமார் 14 கிலோமீட்டர் தள்ளியிருந்த நீடம் என்ற ஊரிலிருந்து சரளை மண்ணை ரயிலில் கொண்டு வந்து கொட்டினார்கள். நீராவியில் இயங்கும் மண்வெட்டி இயந்திரங்கள் அப்போதுதான் வந்திருந்தன. இரவு பகலாக ரயில்கள் ஓடின. பல இடங்களில் சுமார் 20 அடி உயரத்துக்கு மண் ஏறியது. முப்பது வருஷத்துக்குள் பெரும்பகுதி நிலமாகி, மனை போட்டு, பணக்காரர்கள் குடியேறிவிட்டார்கள். இதே மாதிரி சவுத் எண்ட், பீக்கன் ஹில் அடிவாரம், ஃபென்வே என்று சுற்றிலும் நிறையத் தூர்த்தார்கள்.

கொட்டின மண்ணின் மேல் நான்கு மாடிச் செங்கல் வீடு நிற்குமா? நிற்காது. கீழே களிமண் அடுக்கு வரைக்கும் போனால்தான் பிடிமானம் கிடைக்கும். அந்தக் காலத்தில் அதற்கு ஒரே வழி மரம். 30, 40 அடி நீளமுள்ள ஸ்ப்ரூஸ் மரங்களைக் கிளை வெட்டி, தலைகீழாக மண்ணுக்குள் அடித்து இறக்கினார்கள். இதுதான் பைல் அஸ்திவாரம். பைல்களின் தலையை ஒரே மட்டத்தில் அறுத்து, மேலே கிரானைட் கற்களை அடுக்கி, அதற்கு மேல் சுவர். 1877ல் திறக்கப்பட்ட டிரினிட்டி தேவாலயத்துக்கு மட்டும் சுமார் 4,500 மரங்கள். வீடு வீடாகக் கணக்குப் போட்டால் அந்தத் தெருக்களுக்கு அடியில் ஒரு காடே நின்றுகொண்டிருக்கிறது.

மரம் மண்ணுக்குள்ள உளுத்துப் போகாதா?

முதல்முறை படித்தபோது எனக்கு வந்த சந்தேகமும் இதுதான். நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். பாடத்திட்டத்தில் மண்ணும் இல்லை, மரமும் இல்லை. அறைத்தோழன் சிவில் படித்தவன், அவனிடம் கேட்டேன்.

"டேய், வேலிக்கால் எந்த இடத்துலடா மொதல்ல உளுக்கும்? அடியிலயா, நுனியிலயா?"

"தரையை ஒட்டி."

"அவ்வளவுதான்டா. ஈரமும் காத்தும் சேர்ற இடத்துலதான் பூஞ்சை பிழைக்கும். முழுசாத் தண்ணிக்குள்ள இருந்தா அதுக்கு மூச்சு விடக் காத்து கிடையாது. கெணத்துக்குள்ள நெல்லிக்கட்டை போடறாங்களே, அது அழுகியா போகுது?"

விஷயம் அவ்வளவுதான். மரம் முழுக்கக் காய்ந்திருந்தாலும் பிழைக்கும், முழுக்க நனைந்திருந்தாலும் பிழைக்கும். ரெண்டும் கெட்டான் நிலைதான் எமன். வெனிஸும் ஆம்ஸ்டர்டாமும் பல நூறு வருஷமாக மரத்தின் மேல் நிற்பது இந்தத் தைரியத்தில்தான்.

பாஸ்டன் ஆட்களுக்கும் இது நன்றாகவே தெரியும். அதனால்தான் நிலத்தடி நீர்மட்டத்துக்குச் சில அடி கீழே வரும்படி பைல் தலைகளை அறுத்தார்கள். பக்கத்திலேயே ஆறு, கூப்பிடு தூரத்தில் கடல். தண்ணீர் எங்கே போய்விடப் போகிறது என்ற நம்பிக்கை. கணக்கு சரி. அந்தக் கணக்கு எதை நம்பி நிற்கிறது என்பதைத்தான் யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. வீட்டுப் பத்திரத்தில் மனை அளவு இருக்கும், சுவர் இருக்கும். 'நிலத்தடி நீர் இந்த மட்டத்துக்குக் கீழே போகக்கூடாது' என்று ஒரு வரி இருக்காது. டாக்குமெண்டேஷன் இல்லாத டிபெண்டன்சி என்று நாங்கள் அலுவலகத்தில் புலம்புவோம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எழுதிய நிரலிலேயே அது உயிரை வாங்கும். இது நூற்றைம்பது வருஷச் சமாச்சாரம் :-)

தண்ணியைக் குடிச்சது யாரு?

ஊர் வளர்ந்தது. சாக்கடைக் குழாய்கள் வந்தன. இவற்றில் பல, நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே போகிறவை. சாக்கடை ஒழுகினால் அழுக்கு வெளியே கசியும் என்றுதான் நாம் நினைப்போம். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் குழாயில் விரிசல் விட்டால் நடப்பது தலைகீழ். சுற்றியுள்ள நல்ல தண்ணீர் குழாய்க்குள் ஒழுகி, சாக்கடையோடு போய்விடும். வருஷக்கணக்கில் நிலத்தடி நீரைச் சத்தமில்லாமல் வடிக்கும் வடிகால் அது.

அப்புறம் சுரங்க ரயில் பாதைகள் வந்தன, நெடுஞ்சாலைச் சுரங்கங்கள் வந்தன. அவற்றுக்குள் கசியும் தண்ணீரையும் இறைத்தாக வேண்டும். பெரிய கட்டிடங்களுக்கு ஆழமான அடித்தளங்கள், அங்கேயும் பம்பு. மேலே பார்த்தால் கூரை, தார், சிமெண்டு. விழுகிற மழை மண்ணைத் தொடுவதற்கு முன்னாலேயே குழாய்க்குள் போய்விடுகிறது. கீழேயும் வடிகிறது, மேலேயிருந்தும் வருவதில்லை.

முதல் பெரிய எச்சரிக்கை 1929ல் வந்தது. காப்ளி சதுக்கத்தில் இருக்கும் பாஸ்டன் பொது நூலகம், 1895ல் திறந்த அரண்மனை மாதிரியான கட்டிடம், அதில் விரிசல்கள் தெரிந்தன. தோண்டிப் பார்த்தால் கணிசமான பகுதியில் பைல் தலைகள் உளுத்துப்போயிருந்தன. அழுகிய தலைகளை அறுத்தெறிந்து கான்கிரீட்டால் முட்டுக்கொடுத்துக் காப்பாற்றினார்கள். தண்ணீர் எங்கே போனது என்று தேடியதில் பக்கத்துத் தெருச் சாக்கடையில் போய் முடிந்தது. அந்தச் சாக்கடைக்குள்ளேயே சின்ன அணை மாதிரி ஒரு தடுப்பு வைத்தவுடன் சுற்றுவட்டாரத்தில் நீர்மட்டம் ஏறியது. நோயும் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது.

அத்தோடு பிரச்சினை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நூலகம் ஊர்ச்சொத்து, ஊரே கவனித்தது. தனித்தனி வீடுகளுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தொடர்ந்து பார்க்க யாரும் இல்லை. 1984ல் பீக்கன் ஹில் அடிவாரத்தில் பிரிம்மர் தெரு வீடுகளுக்கு அடியில் தோண்டிப் பார்த்தபோது அதே அழுகல். அந்தப் பகுதியில் வரிசையாகப் பல வீடுகள்.

இதைச் சரிசெய்வது லேசான வேலை இல்லை. சுவருக்கு அடியில் சின்னச் சின்னப் பகுதியாகக் குழி தோண்ட வேண்டும். ஒரேயடியாகத் தோண்டினால் வீடே இறங்கிவிடும். ஒவ்வொரு பைலின் அழுகிய தலையையும் கையால் அறுத்தெடுத்து, அந்த இடைவெளியில் இரும்புத் தூண் வைத்து, கான்கிரீட் ஊற்ற வேண்டும். ஒரு வீட்டுக்குச் சில லட்சம் டாலர் ஆகும். சாதாரண வீட்டுக் காப்பீடு இதற்கெல்லாம் தராது. பொதுச்சுவர் வேறு இருக்கிறது. என் பக்கம் மட்டும் சரிசெய்கிறேன் என்றால் நடக்காது, பக்கத்து வீட்டுக்காரரும் சம்மதிக்க வேண்டும், அவரிடமும் பணம் இருக்க வேண்டும்.

இந்த வரலாற்றில் என்னை உறுத்தும் இடம் இதுதான். தண்ணீரை வடித்தது ஊர்ச் சாக்கடையாக இருக்கலாம், ரயில் சுரங்கமாக இருக்கலாம், நாலு வீடு தள்ளி இருப்பவரின் பம்பாகவும் இருக்கலாம். அழுகியது மட்டும் உங்கள் மரம். செலவும் உங்களுடையது. பைல் தனிச்சொத்து, அதைக் காப்பாற்றும் தண்ணீர் யார் சொத்தும் இல்லை. யார் சொத்தும் இல்லாததற்கு யார் காவல் நிற்பார்கள்?

அளக்க ஆரம்பித்தார்கள்

பிரிம்மர் தெருவுக்கு அப்புறம், 1986ல், 'பாஸ்டன் கிரவுண்ட்வாட்டர் டிரஸ்ட்' என்ற அமைப்பை நகரம் உருவாக்கியது. அதிகாரம் பெரிதாக ஒன்றும் கிடையாது. வேலை அளப்பது. தெருவோரங்களில் மெல்லிய குழாய்க் கிணறுகள் இறக்கி, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று வருஷத்துக்குப் பல தடவை குறித்துக்கொள்வார்கள். இப்போது இப்படி 800க்கும் மேற்பட்ட கிணறுகள் இருக்கின்றன. பேக் பே நடைபாதையில் குனிந்து பார்த்தால் கையகல வட்ட இரும்பு மூடிகள் தென்படும். நான் ரொம்ப நாள் அதைத் தண்ணீர்க் குழாய் மூடி என்றுதான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

அளந்து என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ஒரு தெருவில் மட்டும் மட்டம் இறங்கினால், அந்தத் தெருவில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தேட முடியும். 'உன் சுரங்கத்தால்தான்' என்று ஒரு துறையிடம் போய் நிற்பதற்குக் கையில் எண் வேண்டும். 2005ல் நகரமும் மாநிலமும், சாக்கடை, ரயில், சாலை என்று பூமிக்கடியில் குழி வைத்திருந்த துறைகள் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்தன என்றால், பின்னால் அந்த எண்கள் இருந்தன.

அடுத்த வருஷமே, 2006ல், சட்டமும் வந்தது. மரப் பைல் பகுதிகளைப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தார்கள். அங்கே புதிதாகக் கட்டினாலோ பெரிய அளவில் மாற்றிக் கட்டினாலோ, கட்டிடம் அடைத்துக்கொள்ளும் பரப்பில் குறைந்தது 1 அங்குல மழையைப் பிடித்து மண்ணுக்குள் இறக்க வசதி செய்ய வேண்டும். கட்டுகிற வேலையால் நிலத்தடி நீர்மட்டம் குறையாது என்றும் காட்டியாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே வீடுகளின் நிலவறைகளை இப்போது குடியிருப்பாக மாற்றிப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். நிலவறையில் குடியிருப்பவருக்கு வேண்டியது காய்ந்த தரை. தரை ஓதம் அடித்தால் ஒரு குழி வெட்டிப் பம்பு போட்டுவிடத் தோன்றும். அந்தப் பம்பு இறைப்பது, அவர் தலைக்கு மேல் இருக்கும் நான்கு மாடியையும் தாங்குகிற மரங்களின் தண்ணீரை. அந்த வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, தண்ணீரை வடிக்காமல் சுவருக்கும் தரைக்கும் நீர்க்காப்பு செய்வது. ஈரத்தைத் தடுப்பதும் ஈரத்தை வெளியேற்றுவதும் ஒன்றல்ல. நம்ம கொத்தனாரின் டிபிசியும் முதல் வகைதான். தண்ணீரை அதன் இடத்தில் விட்டுவிட்டு, சுவருக்குள் மட்டும் ஏறாமல் தடுக்கிறது.

அஸ்திவாரம் என்றாலே கல், கான்கிரீட், கம்பி என்று நமக்குள் ஒரு படம் இருக்கிறது. பாஸ்டனில் அதற்கும் கீழே இன்னொரு அஸ்திவாரம் இருக்கிறது. அது தண்ணீர், தெரு முழுக்கப் பொதுவானது. நூலகம் விரிசல் விட்டதிலிருந்து சட்டம் வரும்வரை 77 வருஷம். மரம் அழுகுவதற்கு அவ்வளவு காலமெல்லாம் தேவைப்படவில்லை.