பழைய கார்களும் புதிய தலைமுறையும்

தென்னேரி என்றதும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பெரிய ஏரிதான். திரையனேரி என்ற பெயரே மருவித் தென்னேரி ஆனதாகச் சொல்வார்கள். வாலாஜாபாத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளும் கோவில் தேர்களும். மறுபக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று வரிசையாக வாகனத் தொழிற்சாலைகள். அந்தப் பக்கம் போனால், புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீளமான லாரிகள் போவதைப் பார்க்கலாம்.

இப்படித் தினமும் புதுக் கார் பிறக்கிற வட்டாரத்தில் வளரும் பிள்ளைகள் பழைய கார்களை மதிப்பார்களா? அம்பாசிடரையும் ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் நின்று பார்க்க இன்னும் முப்பது வருஷம் கழித்து யாராவது இருப்பார்களா? விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குப் பின்னால் கொஞ்சம் வரலாறும், கொஞ்சம் கணக்கும் இருக்கிறது.

சென்னைக்கும் காருக்கும் உள்ள உறவு

கார் தொழில் தமிழ்நாட்டுக்கு 1990களில்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. சென்னை சிம்ப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903லேயே நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டினார். குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த கம்பெனி அது! கோவைப் பக்கம் ஜி.டி. நாயுடு 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார்.

சுதந்திரத்துக்குப் பிறகு வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலை எழுந்தது. இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் வேன்கார்டு முதலான கார்கள் அங்கே தயாராயின. 1961ல் வந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உருவம், 948 சிசி என்ஜின். பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் மொத்தமும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாயும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் வண்டலூரும் தென்னேரியும் ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. அதாவது, இன்று தென்னேரியைச் சுற்றித் தயாராகும் கார்களுக்கெல்லாம் ஒரு மூத்த அண்ணன் உண்டு. அவன் பெயர் ஹெரால்டு!

ஹெரால்டு 1971ல் நின்றது. அடுத்து வந்த கெசல் 1977 வரை ஓடியது. 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் பந்தாவாக வந்தது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர். உள்ளே இருந்ததோ பழைய வேன்கார்டு காலத்து என்ஜின். பெட்ரோலைக் குடித்தது, விலையும் அதிகம். 1988ல் உற்பத்தி நின்றது, கம்பெனியும் எழவில்லை.

மூன்றே மூன்று கார்கள்

1950களிலிருந்து 1983 வரை, லைசன்ஸ் ராஜ்ஜியம் நடந்த காலத்தில், இந்தியாவில் கார் வாங்க நினைத்தவருக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள்தான். ஒன்று அம்பாசிடர், இரண்டு ஃபியட், மூன்று ஸ்டாண்டர்டு. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கார் வந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் வந்த மாதிரி. அதனால் அதை இருபது, முப்பது வருஷம் வைத்திருந்தார்கள். கல்யாணம், கோவில், பிரசவ ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் அதே கார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்து இந்தக் கதையை மாற்றியது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ வந்தது. பிரீமியர் பத்மினி (அதாவது பழைய ஃபியட்) புது நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றது. அம்பாசிடர் 2014 மே மாதம் நின்றது. அந்தப் பெயரே 2017ல் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பூஜோவுக்குக் கைமாறியது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றபோது, அதைப் பற்றி நாடு முழுக்கப் பத்திரிகைகள் எழுதின.

பழைய கார் மேல் பெரியவர்களுக்கு இருக்கும் பாசத்துக்குக் காரணம் இந்த நீண்ட காலப் பழக்கம். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை காரை மாற்றும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு அதே பாசம் வருமா என்பதுதான் சந்தேகம்.

கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது?

வருமான வரிச் சட்டப்படி காருக்குத் தேய்மானம் பொதுவாக ஆண்டுக்கு 15 சதவீதம். மீதி இருக்கும் மதிப்பின் மேல்தான் அடுத்த வருஷம் கணக்கு. 10 லட்ச ரூபாய்க் கார் ஒன்று பத்து வருஷத்தில் 1.97 லட்சத்துக்கு வந்துவிடும். இருபது வருஷத்தில் சுமார் 38,760 ரூபாய், அதாவது வாங்கிய விலையில் 4 சதவீதத்துக்கும் குறைவு. 2021ல் மத்திய அரசு அறிவித்த பழைய வாகன அழிப்புக் கொள்கையில், காரை உடைக்கக் கொடுத்தால் புதுக் காரின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் கிடைக்கலாம் என்று சொல்லப்பட்டது. ஆக, இருபதாவது வயதில் கணக்குப் புத்தகமும் காயலான் கடையும் கிட்டத்தட்ட ஒரே தொகையைத்தான் சொல்கின்றன.

ஆனால் அந்தப் பள்ளத்தைத் தாண்டி உயிரோடு வரும் சில கார்களுக்குக் கணக்கு தலைகீழாகிவிடும். 1955ல் இரண்டே இரண்டு செய்யப்பட்ட ஒரு மெர்சிடிஸ் காரில் ஒன்று 2022 மே மாதம் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. எல்லாப் பழைய காருக்கும் இப்படி நடக்காது. எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும், கேட்பவர்களும் இருக்க வேண்டும். கேட்பவர்கள் இல்லாவிட்டால் அபூர்வமான பொருளும் வெறும் இரும்புதான். அந்தக் கேட்பவர்கள், இனி வரப்போகும் தலைமுறை.

இளைஞர்களுக்குப் பிடிக்காதா?

இதற்குப் பதில் தென்னேரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1955ல் சென்னையில் தயாரிப்பைத் தொடங்கிய புல்லட், 2000ஆம் ஆண்டு வாக்கில் மூடிவிடலாமா விற்றுவிடலாமா என்று முதலாளிகளே யோசிக்கும் நிலைக்குப் போனது. அப்புறம் நடந்தது என்ன? 1950களின் உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே புது என்ஜினோடு 2009ல் கிளாசிக் மாடல் வந்தது. வாங்க முண்டியடித்தவர்கள் தாத்தாக்கள் இல்லை, இருபதுகளில் இருந்த பையன்கள். திருவொற்றியூர் ஆலை போதாமல் 2013ல் ஒரகடத்திலும், 2017ல் வல்லம் வடகாலிலும் புது ஆலைகள் திறக்க வேண்டி வந்தது.

ஆகவே "பழசு என்றால் இளைஞர்களுக்குப் பிடிக்காது" என்பது தவறு. அவர்களுக்குப் பிடிக்காதது பழசு இல்லை. நடுரோட்டில் நின்றுபோவதும், ஸ்பேர் கிடைக்காமல் அலைவதும்தான்.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு தலைமுறையும் தன் சின்ன வயசுக் காரைத்தான் தேடுகிறது. அமெரிக்காவில் 25 வருஷம் தாண்டிய வெளிநாட்டு வண்டிகளை இறக்குமதி செய்ய விதி இடம் தருகிறது. அங்கே உள்ள இளைஞர்கள் அதை வைத்து 1930களின் கார்களையா தேடினார்கள்? வீடியோ கேமில் ஓட்டிப் பழகிய 1990களின் ஜப்பான் கார்களைத் தேடினார்கள். இங்கேயும் அப்படித்தான் நடக்கும். இன்றைய கல்லூரிப் பிள்ளைக்கு 1930ன் ஆஸ்டின் ஒரு காட்சிப் பொருள். அப்பா ஓட்டிய மாருதி 800 அப்படியில்லை. அதில் முன்சீட்டுக்கு நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறது.

இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில்

உண்மையான சிக்கல் இங்கேதான் வருகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான காரியங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். திருவிழாவுக்கு மட்டும் நிலையை விட்டுக் கிளம்பும் தேரைப் போல! நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் 50 வயது வரை அந்தக் காரை யார் காப்பாற்றுவது? 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025ல் அது 10,000 ஆக்கப்பட்டது. புகையைக் குறைக்க இப்படிப்பட்ட விதிகள் தேவை என்பதை மறுக்க முடியாது. ஓட்டை வண்டிகளெல்லாம் ரோட்டில் ஓட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1983ன் முதல் மாருதி 2033ல்தான் ஐம்பதைத் தொடும். 1998ன் இருங்காட்டுக்கோட்டை சான்ட்ரோ 2048ல்! மதிப்பு மிகவும் குறைந்து, செலவு மிகவும் கூடும் அந்த முப்பது வருஷத்தில், நியாயமாகக் கணக்குப் போடும் எவரும் காரை உடைக்கத்தான் கொடுப்பார். நாளைய இளைஞர்கள் ஆசையோடு தேடும்போது, அவர்களுடைய கார்கள் ஏற்கெனவே கம்பியாக மாறியிருக்கும்.

நல்ல நிலையில் இருக்கும் சில கார்களுக்காவது முப்பது வயதிலேயே "குறைவாக ஓடும் வண்டி" என்று ஒரு தனிப் பிரிவு கொடுத்தால் இந்தப் பள்ளத்தைத் தாண்ட வழி பிறக்கும்.

கார் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. கோவையில் 2015ல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகமும், சென்னையில் 2023ல் திறக்கப்பட்ட ஏவிஎம் அருங்காட்சியகமும் பழைய கார்களைப் பார்க்க வாய்ப்புத் தருகின்றன. அவை அவசியம். ஆனால் கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்கிறவர், பாயிண்ட் இடைவெளியைக் கையாலேயே வைக்கிறவர், நசுங்கிய தகரத்தைத் தட்டித் தட்டிப் பழைய வளைவைக் கொண்டுவரும் டிங்கர்... இவர்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது. காஞ்சிபுரத்துக்கு இது தெரிந்த கதைதான். உடலையும் கரையையும் தனித்தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைப் பட்டுக்கு வாங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். தறியில் உட்காரத்தான் பிள்ளைகள் வருவதில்லை. ஐடிஐ படிக்கும் மாணவர்களுக்கு ஒரு பழைய ஹெரால்டைப் பிரித்துக் கோக்கும் பயிற்சி கொடுத்தால், வேலையும் தெரியும், வரலாறும் தெரியும்.

திருவாரூர்த் தேர் பல வருஷம் ஓடாமல் நின்றிருந்தது. 1970ல் திருச்சி பெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்த பிறகு மீண்டும் ஓடியது. புதுப் பிரேக் போட்டதால் அது பழைய தேர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வடம் பிடிக்க ஆள் வந்தது. பழைய கார்களுக்கும் இதேதான் வழி. பூட்டி வைத்தால் துரு, ஓட்டினால் உறவு. இளைஞர்கள் மதிப்பார்களா என்று கேட்கும் பெரியவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரன் பேத்திகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தென்னேரி ஏரிக்கரை வரை ஒரு சுற்று போய் வரட்டும். பதில் அந்தப் பிள்ளைகள் முகத்திலேயே தெரியும்.