மெட்டல் டிடெக்டரும் ஒரு வண்டி மண்ணும்

ஊத்தங்கரையில் இருந்து நண்பர் ஒருவர் போன் பண்ணியிருந்தார். "சார், தங்கம் தேட எந்த மெட்டல் டிடெக்டர் நல்லா இருக்கும்? ஆடு வித்த காசு கையில இருக்கு." மாமனார் நிலம் மகராஜகடை பக்கம். தாத்தா கோலார் தங்க வயலில் வேலை பார்த்தவர். ஆசை வராமல் இருக்குமா?

அந்த ஆசைக்கு நிலவியல் ஆதாரமும் இருக்கு. கோலாரில் தங்கம் தந்த பாறைப் பட்டை தெற்கே நீண்டு வேப்பனப்பள்ளி, மகராஜகடை பக்கம் நம்ம மாவட்டத்துக்குள் வருது. பாறைக்கு மாநில எல்லை தெரியாது. இத்தனைக்கும் கோலார் கதை ஆரம்பித்ததே எல்லை அளக்க வந்த ஓர் ஆளால்தான்.

1799ல் திப்பு வீழ்ந்தபின், மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க 1802ல் வந்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன். இந்தப் பக்க மண்ணில் தங்கம் இருக்கு என்ற பேச்சு காதில் விழ, காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊரிகாம் ஆட்கள் ஒரு மாட்டு வண்டி மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசினார்கள். சேறு போனதும் அடியில் பொன் துகள். மாரிகுப்பத்தில் இன்னொன்றையும் பார்த்தார்: குழிக்குள் இருந்து கல் கைமாறி மேலே வருது, பெண்கள் அதை இடித்துத் தூளாக்குகிறார்கள், அப்புறம் அலசல்.

இதைத்தான் நண்பரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். தங்கம் தண்ணீரைப் போல 19 மடங்கு கனம். மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். அதனால் மணல் அடித்துப் போகும், தங்கம் தங்கும். நகைப் பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணை அரிக்கிறவர்கள் நம்புவதும் இதையேதான்.

டிடெக்டர் பார்ப்பது கனத்தை அல்ல. அதன் வளையம் அனுப்பும் காந்தப் புலம் உலோகத்தில் சின்ன மின்னோட்டத்தைத் தூண்டுது. அதன் எதிரொலியைத்தான் கருவி கேட்குது. கட்டித் தங்கம் கிடைக்கும் ஆஸ்திரேலியாவில் இது எடுபடும். 1980ல் விக்டோரியா மாநிலத்தில் 27 கிலோ கட்டியைக் கண்டுபிடித்தது டிடெக்டர்தான். சின்னத் துணுக்குக்கு 45, 71 கிலோஹெர்ட்ஸ் என்று அதிக அதிர்வெண் கருவிகளும், இரும்புச் சத்துள்ள மண்ணுக்கு பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிகளும் இருக்கு. ஆனா கோலார்த் தங்கம் பெரும்பாலும் வெங்கச்சங்கல் நரம்புக்குள் பொடிப் பொடியாய்ச் சிதறிக் கிடப்பது. எந்த விலைக் கருவிக்கும் அது கேட்காது. ஆணிக்கும் லாடத்துக்கும்தான் கத்திக்கிட்டே இருக்கும்.

1880ல் வந்த ஜான் டெய்லர் கம்பெனியும் அதே இடிக்கிற, அலசுகிற வேலையைத்தான் இயந்திரம் வைத்துச் செய்தது. பிறகு சயனைடு சேர்ந்தது. 2001 பிப்ரவரி 28ல் மூடும் வரை எடுத்தது 800 டன் போல. அதற்காக மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் இறங்கினார்கள். இறங்கியதில் பெரும்பகுதி தமிழர்கள்: வட ஆற்காடு, அன்றைய சேலம் ஜில்லா ஆட்கள்.

சட்டமும் இருக்கு. 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கனிமம் தேடவே கூடாது. புதையல் கிடைத்தாலும், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குச் சொல்லியாகணும். (பத்து ரூபாய்! இன்னும் ஏற்றவில்லை.)

காசைச் செலவழிக்காமல் வைக்கச் சொன்னேன். "தாத்தா எந்தச் சுரங்கம்? சாம்பியன் ரீஃபா, மைசூர் மைனா, ஊரிகாமா, நந்திதுர்க்கமா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன் என்றார்.