தோற்ற கட்சியின் வாதத்தையும் காத்த நூல்

கி.பி. 70இல் ரோமானியப் படை ஜெருசலேம் கோயிலைத் தரைமட்டமாக்கியது. பலியிடப் பீடமில்லை, குருமாருக்கு வேலையில்லை. கோயிலைச் சுற்றியே வளர்ந்த யூத மதம் அதோடு அழிந்திருக்கலாம். ஆனால் யோகனான் பென் சக்காயும் அவரைச் சேர்ந்த ரபிகள் என்ற மத அறிஞர்களும் யாவ்னே என்ற ஊரில் கூடினார்கள். பலி இருந்த இடத்தில் படிப்பை வைத்தார்கள்.

அதுவரை வாய்மொழியாக வந்த சட்ட மரபை கி.பி. 200 வாக்கில் யூதா ஹநாசி என்ற ரபி தொகுத்தார். ஆறு பெரும் பிரிவுகள் கொண்ட அந்தத் தொகுப்புதான் மிஷ்னா. பின்வந்தவர்கள் அதன் ஒவ்வொரு வரியையும் வைத்து நடத்திய விவாதம் கெமாரா. இரண்டும் சேர்ந்தது தல்மூத். இதில் ஜெருசலேம் தல்மூத், பாபிலோனியத் தல்மூத் என இரண்டு உண்டு. இன்றைய இராக்கில் சூரா, பும்பெதித்தா கல்விக்கூடங்களில் வளர்ந்து, 6ஆம் நூற்றாண்டு வாக்கில் உருப்பெற்ற பாபிலோனியத் தல்மூதுக்குத்தான் மதிப்பு அதிகம்.

பாபா மெட்சியா என்ற பகுதி ஒரு வழக்கோடு தொடங்குகிறது. கண்டெடுத்த துணி ஒன்றை இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்கிறார்கள். முழுதும் தனதே என்கிறார்கள் இருவரும். இதில் தன் பங்கு பாதிக்குக் குறையாது என்று இருவரும் சத்தியம் செய்ய வேண்டும்; பிறகு துணியைச் சமமாகப் பிரிக்க வேண்டும். தீர்ப்பு அவ்வளவுதான். கெமாரா விடுவதில்லை. எப்படியும் பாதிதான் கிடைக்கும் என்றால் சத்தியம் எதற்கு? கண்டவனெல்லாம் அடுத்தவன் துணியைப் பிடித்துக்கொண்டு உரிமை கோராமல் இருக்கத்தான் என்று ஒரு பதில் வருகிறது. அந்தப் பதில்மேலும் கேள்விகள் பாய்கின்றன. ஒரு துண்டுத் துணியில் தொடங்கி, மனிதனின் பேராசைவரை போய்விடுகிறார்கள்.

இதில் தோற்ற கருத்தையும் அழிக்காமல் எழுதிவைத்தார்கள். ஷம்மாய், ஹில்லேல் என்ற இரு அறிஞர்களின் வழிவந்த பள்ளிகள் ஓயாமல் மோதின. வழக்கம் பெரும்பாலும் ஹில்லேல் பக்கமே நின்றது. ஹில்லேல் பள்ளியினர் எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் சொல்லிவிட்டுத் தங்கள் வாதத்தை வைத்தார்கள் என்பது அதற்குத் தல்மூதே தரும் காரணங்களில் ஒன்று. சிறுபான்மைக் கருத்தை ஏன் பதிவு செய்ய வேண்டும்? நாளை வேறொரு மன்றத்துக்கு அது கைகொடுக்கலாம் என்கிறது மிஷ்னா. சட்டநூல் ஒன்றில் இதைவிடப் பெரிய நேர்மை இருக்க முடியாது.

இப்படிப்பட்ட நூலைத்தான் கொளுத்தினார்கள். 1240இல் பாரிசில் தல்மூதைக் குற்றவாளியாக்கி விசாரணை நடந்தது. 1242இல் வண்டி வண்டியாகக் கையெழுத்துப் படிகள் எரிந்தன. ஒவ்வொன்றும் கையால் எழுதிய படி என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இழப்பின் அளவு புரியும். பாபிலோனியத் தல்மூதில் அனேகமாக முழுமையாகப் பிழைத்திருக்கும் பழம்படி இன்று ஒன்றே ஒன்று. அது 1342இல் எழுதப்பட்டு, இப்போது மியூனிக்கில் இருக்கிறது.

அச்சு வந்தது. ஆன்ட்வெர்ப்பிலிருந்து வெனிசுக்கு வந்த டேனியல் பாம்பெர்க் என்ற கிறிஸ்தவர் 1520க்கும் 1523க்கும் இடையில் பாபிலோனியத் தல்மூதை முழுமையாக அச்சிட்டார். நடுவில் மூலம், கட்டுப்பக்கம் 11ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு உரையாசிரியர் ராஷியின் உரை, வெளிப்பக்கம் தோசஃபோத் என்ற பிற்கால உரைகள். இந்த அமைப்பும் அவர் பதிப்பின் தாள் எண்களும் இன்றுவரை மாறவில்லை. 1553இல் ரோமிலும், பிறகு அது அச்சான வெனிசிலேயும் மறுபடி எரித்தார்கள். நூல் நின்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி முகாம்களில் தங்கியிருந்த யூதர்களுக்காக அதே மண்ணில் 19 தொகுதிகளாகத் தல்மூத் அச்சானது. அமெரிக்கப் படை உதவியது.

யெஷிவா என்ற பாடசாலைகளில் இருவர் இருவராக உட்கார்ந்து, சத்தம் போட்டு வாதாடித்தான் இதைப் படிக்கிறார்கள். 1923இல் ரபி மெயிர் ஷபிரோ ஒரு திட்டம் சொன்னார்: உலகெங்கும் உள்ள யூதர்கள் நாளுக்கு ஒரு தாள் வீதம், ஒரே நாளில் ஒரே தாளைப் படிப்பது. இன்றைய கணக்கில் ஒரு சுற்று 2,711 நாள், அதாவது ஏறக்குறைய ஏழரை ஆண்டு. நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாக இருந்த இந்தப் படிப்பில் இப்போது பெண்களும் பெருமளவில் இறங்கியிருக்கிறார்கள். 2020 ஜனவரியில் தொடங்கிய பதினான்காவது சுற்று 2027 ஜூனில் முடிகிறது.