ஆமை புகுந்த வீடும் அரசாங்கத் தரிசும்: நம் கட்டாமையின் கதை



சென்ற வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார. திருச்சுழிப் பக்கம் ஒரு தோட்டத்து வேலியோரம் எடுத்த படம். கருப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்த ஒரு சிறிய ஆமை. "சார், இதை வீட்டில் வைத்தால் பணம் சேரும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அதன் பெயர் கட்டாமை. நட்சத்திர ஆமை என்றும் சொல்வார்கள். இது குளத்து ஆமை அல்ல, தரை ஆமை. வெட்டவெளியும் முட்புதரும் புல்லும்தான் இதன் வீடு. புல், இலை, உதிர்ந்த பழம், சப்பாத்திக்கள்ளி ஆகியவை உணவு. கோடையில் புதருக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும். மழை பெய்தால் காலையிலும் மாலையிலும் வெளியே வரும். அதனால்தான் நம் ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் அதிகம் கண்ணில் படும். உலகில் இது இயற்கையாக வாழ்வது மூன்று நிலப்பரப்புகளில் மட்டுமே. குஜராத், ராஜஸ்தானும் அதையொட்டிய பாகிஸ்தானின் சிந்துப் பகுதியும் ஒன்று. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகத்தின் வறண்ட பகுதிகள் இரண்டாவது. இலங்கை மூன்றாவது.

அறிவியல் உலகம் இதற்குப் பெயர் வைத்தது 1795-இல். ஷோப்ப் என்ற ஜெர்மானிய மருத்துவர் 'எலிகன்ஸ்', அதாவது 'அழகியது' என்று எழுதிவைத்தார். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்த ஆண்டு வேறு ஒன்றையும் நினைவூட்டும். முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் அடைத்ததும் அதே 1795-இல்தான். 1803-இல் இராமநாதபுரம் சீமை நிரந்தர ஜமீனாக ஆக்கப்பட்டது. இரண்டு நிகழ்ச்சிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் இந்த ஆமை வாழும் நிலத்தின் தலையெழுத்தை எழுதியது இரண்டாவது நிகழ்ச்சிதான்.

கம்பெனியின் கணக்கில் நிலம் என்றால் தீர்வை. தீர்வை தரும் நிலம் நல்ல நிலம், தராதது தரிசு. ஆடு மேயும் மந்தைவெளி, கண்மாயின் நீர்ப்பிடிப்பு, இலந்தையும் சூரையும் உடைமரமும் நின்ற செவல் மேடு எல்லாம் அந்தக் கணக்கில் ஒன்றுக்கும் உதவாத இடங்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது. ஆனால் 'தரிசு' என்ற சொல் ஒழியவில்லை. 1985-இல் மத்திய அரசு தரிசுநில மேம்பாட்டுக்கென்றே ஒரு தேசிய வாரியம் அமைத்தது. நம் மாவட்டம் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்ததும் அதே ஆண்டில்தான்.

வேலிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. சப்பாத்திக்கள்ளி நம் நாட்டுச் செடி அல்ல, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஒரு காலத்தில் தென்மாவட்டங்களில் காடாக மண்டிக் கிடந்தது. அதை அழிக்க 1926-இல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே கள்ளி கருகிப்போனது. அடுத்து விறகுக்கும் வேலிக்கும் என்று சீமைக்கருவேலம் வந்தது. அதுவும் அமெரிக்கக் கண்டத்து மரமே. அது கண்மாய்க்குள்ளும் மேய்ச்சல் நிலத்திலும் பரவி, அடியில் புல் முளைக்க விடாமல் நெருங்கி நின்றுவிட்டது. புல் இல்லாத இடத்தில் ஆட்டுக்கும் வேலையில்லை, ஆமைக்கும் வேலையில்லை.

சரி, இத்தனைக்கும் நடுவில் இந்தப் பிராணி எப்படிப் பிழைத்தது? என் கணிப்பில் இரண்டு காரணங்கள். இரண்டுமே வேடிக்கையானவை.

ஒன்று, நம் பழமொழி. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அமீனா என்பவர் கோர்ட்டு உத்தரவோடு வந்து பாத்திரம் பண்டத்தை ஜப்தி செய்பவர். ஆமையை அந்த மனிதரோடு சேர்த்துப் பழித்ததில் ஒரு நன்மை விளைந்தது. யாரும் அதை வீட்டுக்குத் தூக்கிப் போகவில்லை. வழியில் கண்டால் ஒதுங்கிப் போனார்கள். வள்ளுவர் புலனடக்கத்துக்கு உவமையாகச் சொன்ன பிராணி அது, பெருமாளின் கூர்மாவதாரமும் அதுவே. கும்பிடவும் செய்தோம், வீட்டுக்குள் விடவும் மறுத்தோம்.

இரண்டாவது, அந்தத் தரிசு. அந்த நிலத்தில் யாருக்கும் அவசர வேலை இருந்ததில்லை. நாம் 'வேண்டாம்' என்று ஒதுக்கியதே அதற்குக் காவலாக நின்றது.

இன்று இரண்டு காவலும் போய்விட்டன. தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும் சீனாவிலும் இதை வீட்டில் வளர்ப்பது நாகரிகமாகவும் அதிர்ஷ்டமாகவும் ஆகிவிட்டது. துரதிர்ஷ்டம் என்று நாம் சொன்னதற்கு அங்கே விலை. அந்த நம்பிக்கை இப்போது கைபேசி வழியாக நம் வீட்டுக்கும் திரும்பி வந்திருக்கிறது. பெட்டிகளில் துணியோடு துணியாகச் சுற்றிக் கடத்துகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகளை நீங்களே பலமுறை படித்திருப்பீர்கள். ஆந்திரா, கர்நாடக எல்லையில் ஒரே ஒரு வட்டாரத்திலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. கூடுதலாகப் போனால் ஓர் ஈட்டுக்குப் பத்து முட்டை இடும் பிராணி, பருவத்துக்கு வரப் பல ஆண்டுகள் எடுக்கும் பிராணி, இந்த வேகத்துக்கு எப்படி ஈடுகொடுக்கும்?

நிலமும் மாறிவிட்டது. பக்கத்துக் கமுதியில் 2016-இல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை நம் அருப்புக்கோட்டையைத் தொட்டுப் போகிறது. சாலையோரமெல்லாம் பிளாட்டுக் கற்கள். மின்சாரமும் சாலையும் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், பிள்ளைகளின் வேலை அதில் இருக்கிறது. ஆனால் 'அங்கே ஒன்றுமில்லை, சும்மா கிடக்கிற இடம்' என்று யாராவது சொன்னால் மட்டும் மறுத்துச் சொல்லுங்கள். அங்கே இருப்பவை தீர்வை கட்டுவதில்லை, அவ்வளவுதான்.

சட்டமும் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது நான்காம் அட்டவணையில், குறைந்த தண்டனைக்குரிய இடத்தில் இருந்தது. 2019-இல் வனவிலங்கு வணிகத்துக்கான உலக மாநாடு கொழும்பில் நடப்பதாக இருந்து, ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாறியது. அங்கே இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து முன்மொழிந்து, இதன் பன்னாட்டு வணிகத்தை அடியோடு தடைசெய்ய வைத்தன. 2022-இன் திருத்தத்தில் இது யானை, புலியோடு முதல் அட்டவணைக்கு வந்தது. பிடித்தாலோ வைத்திருந்தாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

பிடிபட்ட ஆமைகளைத் திரும்ப விடுவதும் எளிதல்ல. 2018-இல் சிங்கப்பூரிலிருந்து 51 ஆமைகள் விமானத்தில் கர்நாடகத்துக்குத் திரும்பி வந்தன. கேரளத்தின் சின்னார் சரணாலயத்தில் மீட்கப்பட்டவற்றைப் பராமரித்துக் காட்டில் பழக்குகிறார்கள். குஜராத் ஆமையும் நம் ஆமையும் மரபணுவில் வேறு வேறு. கண்ட இடத்தில் விட்டால் இனம் கலந்துவிடும், நோயும் பரவும். ஹைதராபாத் விஞ்ஞானிகள் மரபணுவைச் சோதித்து, எந்தப் பகுதியிலிருந்து பிடிக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க முயன்றிருக்கிறார்கள். ஒரு மனிதன் ஒரு நிமிடத்தில் குனிந்து எடுத்ததைத் திருப்பி வைக்க இத்தனை பேர் உழைக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் நான்கு.

வழியில் கண்டால் எடுக்காதீர்கள். சாலை நடுவே இருந்தால் மட்டும், அது போகும் திசையிலேயே ஓரத்தில் விட்டுவிடுங்கள்.

படம் எடுத்தால் இடத்தின் பெயரோடு பொதுவில் போடாதீர்கள். பிடிப்பவனும் அதைப் பார்ப்பான்.

சொந்தபந்தத்தில் யாராவது ஆசைக்கு வளர்த்தால், சண்டை போடாமல் எடுத்துச் சொல்லி வனத்துறையிடம் ஒப்படைக்கச் செய்யுங்கள். நீங்களே கொண்டுபோய்க் காட்டில் விடாதீர்கள்.

சீமைக்கருவேலத்தை அகற்றுவது நல்லது. ஆனால் ஜேசிபி வைத்து இலந்தை, சூரை, உடைமரம் எல்லாவற்றையும் சேர்த்து வழித்துவிடாதீர்கள், தீயும் வைக்காதீர்கள். ஊராட்சியில் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்களுக்கு இதைத் தனியாகவே சொல்கிறேன். மந்தைவெளியில் ஒரு பகுதியையாவது புதரும் புல்லுமாக அப்படியே விடுங்கள்.

ஐப்பசி நெருங்குகிறது. உங்கள் ஊர்ப்பக்கம் கட்டாமைக்கு வேறு பெயர் இருந்தாலோ, பெரியவர்கள் சொன்ன கதை இருந்தாலோ கீழே எழுதுங்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்