அறுவைக்குப் பிந்தைய ஆறு வாரங்கள்: மார்பக உள்வைப்பு, கோடை, ஓய்வின் வரலாறு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் அறுவை அரங்கின் வரலாறாகவே எழுதப்பட்டுவந்திருக்கிறது. யார் முதலில் செய்தார், எந்த நகரில், எந்த ஆண்டில் என்பவை பதிவாகின்றன. வீடு திரும்பிய உடல் எங்கே படுத்தது, அதற்கு யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார் என்பவை பதிவாவதில்லை. மார்பகப் பெருக்க அறுவை சிகிச்சையின் வரலாற்றில் இந்த இடைவெளி வெளிப்படையாகவே தெரிகிறது.

அதன் அறியப்பட்ட வரலாறு சுருக்கமானது. 1895-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி, ஒரு பெண்ணின் உடலிலிருந்தே எடுத்த கொழுப்புக் கட்டியைக் கொண்டு அவரது மார்பகத்தைச் சீரமைத்தார். பின்னர் பாரஃபின் மெழுகும் திரவ சிலிக்கோனும் ஊசிவழி செலுத்தப்பட்டுப் பலரது உடலைச் சிதைத்தன. 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ ஆகியோர் சிலிக்கோன் பையை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குப் பொருத்தினர். டிம்மி ஜீன் லிண்ட்சே என்னும் அப்பெண் ஆறு குழந்தைகளின் தாய். மார்பில் குத்தியிருந்த பச்சையை அகற்றவே மருத்துவமனைக்குச் சென்றவர். 1992-இல் அமெரிக்க அரசு சிலிக்கோன் உள்வைப்புகளைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. 2006-இல் மீண்டும் அனுமதித்தது. 2010-இல் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய சிலிக்கோனைக் கலந்த ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் மோசடி வெளிப்பட்டது. இந்த வரலாற்றின் மையத்தில் இருப்பது உள்ளே வைக்கப்படும் பொருள். அதைச் சுமக்கும் உடலின் அன்றாடம் ஓரத்தில்கூட இடம்பெறவில்லை.

அறுவைக்குப் பின் மருத்துவர் தரும் அறிவுரைகளோ முழுவதும் அந்த அன்றாடத்தைப் பற்றியவை. நான்கு முதல் ஆறு வாரங்கள் பாரம் தூக்கலாகாது; கைகளைத் தலைக்குமேல் உயர்த்தலாகாது; மல்லாந்தே உறங்க வேண்டும்; இறுக்கமான தாங்கு உள்ளாடையை இரவும் பகலும் அணிய வேண்டும்; தையல் ஈரமாகாமல் காக்க வேண்டும். தழும்பின் மீது மாதக்கணக்கில் வெயில் படலாகாது. பட்டால் கருத்துத் தங்கிவிடும். மாநிறத் தோலில் இந்தக் கருமையும் தடித்த தழும்பும் தோன்றும் வாய்ப்பு கூடுதல். கோடையில் இவை ஒவ்வொன்றும் கடினமாகின்றன. மார்பகத்தின் கீழ்மடிப்பில் வழக்கமாகவே வியர்வை தங்கும்; அறுவைக் கீறலும் பெரும்பாலும் அங்கேதான் இடப்படுகிறது. அதன்மேல் இறுக்கிய துணி நனையும்போது வேர்க்குருவும் பூஞ்சைத் தொற்றும் எளிதில் வரும்.

இவ்வறிவுரைகள் தனி அறை, மின்விசிறி, குழாயில் எந்நேரமும் தண்ணீர், வேலைசெய்ய வேறொருவர் ஆகியவற்றை வீட்டில் உள்ளவையாக எடுத்துக்கொள்கின்றன. இவற்றை மும்பையின் சுனாபட்டியில் வைத்துப் படித்தால் பொருள் மாறும். சுண்ணாம்புக் காளவாயைக் குறிக்கும் பெயர் கொண்ட அந்தப் பகுதி, தாராவிக்கும் செம்பூருக்கும் இடையே, சயான்–குர்லா அருகில் உள்ளது. சுதேசி ஆலையின் தொழிலாளர் வாழ்ந்த இடமும் அதுவே. அங்குள்ள ஒற்றை அறை வீட்டில் தகரக் கூரையின் கீழ், மே மாதத்தில் வெளியே 33 டிகிரியைச் சுற்றி வெப்பம் நிற்கும்போது, உள்ளே அதனினும் கூடுதலாகும். கடலோர ஈரப்பதத்தால் வியர்வை உலர்வதில்லை. தண்ணீர் குறித்த நேரத்தில் வருகிறது. அதைப் பிடித்து வைத்தாக வேண்டும். 15 லிட்டர் குடம் நிறைந்தால் 15 கிலோவுக்கு மேல் நிற்கும். ஒரே ஒரு குடத்தைத் தூக்குவதே மருத்துவர் விதித்த தடையை மீறுவதாகிவிடுகிறது. மேலும், மும்பைத் தமிழர் குடும்பங்கள் பல பள்ளி விடுமுறையில் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குச் செல்வதும் அதே மே மாதத்தில்தான். உதவிக்கு வரக்கூடிய அத்தையும் அண்டை வீட்டு அக்காவும் அப்போது ஊரில் இருப்பர்.

இந்த அறுவை வசதி படைத்தோருக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் 2018 பிப்ரவரியில் சென்னையில் உடைந்தது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகப் பெருக்கம், குறைப்பு ஆகியவற்றுக்கான இலவசப் பிரிவு தொடங்கப்பட்டது. ஏழைகளுக்கு ஏன் இது கிடைக்கலாகாது, கிடைக்காவிடில் அவர்கள் கடன் வாங்குவர் அல்லது ஆபத்தான வழிகளை நாடுவர் என்றார் அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர். உயிர்காக்கும் சிகிச்சைகளை விடுத்து அழகின்மேல் கவனம் செலுத்துவதா என்று கேட்டார் முன்னாள் பொதுச் சுகாதார இயக்குநர் இளங்கோ. இரு வாதங்களும் தம்மளவில் வலுவானவை. ஆயினும் இரண்டும் அறுவை அரங்கின் வாசலோடு நின்றுவிட்டன. சிகிச்சை இலவசம், ஓய்வு இலவசமன்று. நாட்கூலி பெறும் பெண்ணுக்கு ஆறு வார ஓய்வு என்பது ஆறு வார வருமான இழப்பு.

ஓய்வை ஒரு நிறுவனமாகவே கட்டியெழுப்பிய மரபு தமிழரிடம் இல்லாமலில்லை. பிள்ளை பெற்றவளுக்கான பத்தியமும் தாய்வீட்டு வாசமும் அத்தகையவை. இன்னொன்று திருநங்கையரிடம் உள்ளது. நிர்வாணம் எனப்படும் அறுவைக்குப் பின் 40 நாள் தனித்திருத்தல், பத்திய உணவு, மூத்தவரின் பராமரிப்பு, முடிவில் சடங்கு என்பது அம்மரபு. அம்மரபில் கடுமையும் வலியும் உண்டு. ஆனால் ஆறும் காலத்தில் ஒருவரைத் தனியே விடலாகாது என்னும் அறிவும் உண்டு. 2008-இல் தமிழ்நாடு திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. அரசு மருத்துவமனைகளில் பாலின மாற்று அறுவையும் இலவசமானது. ஆனால் அந்த 40 நாள்களைச் சமூகமே தொடர்ந்து சுமந்தது.

சட்டமும் ஓய்வை அறியாததன்று. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், நோயுற்ற தொழிலாளிக்கு ஊதியத்தின் ஒரு பகுதியை வழங்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த அந்த உரிமை, ஆலைகள் மூடப்பட்டபின் வீட்டுவேலைக்கும் தெருவோர விற்பனைக்கும் வந்த பெண்களைத் தொடரவில்லை. 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குப் பட்டியலில் அழகியல் அறுவையும் பாலின மாற்றச் சிகிச்சையும் இடம்பெற்றன. விபத்து, புற்றுநோய் போன்றவற்றுக்குப் பின்னான சீரமைப்புக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது.

மார்பகப் பெருக்கம் தேவையா, ஆடம்பரமா என்னும் விவாதம் தொடரலாம். விடை எதுவாயினும், கீறப்பட்ட உடல் ஆறுவதற்கு வேண்டியவை ஒன்றே: காற்று, தண்ணீர், நாள்கள், ஒரு துணை. இந்நான்கும் யாருக்கு, எந்த வழியாக, எவ்வளவு கிடைத்தன என்பதை எழுதும்போதுதான் அறுவையின் வரலாறு அதற்கு உள்ளானவர்களின் வரலாறாகவும் அமையும்.