குருத்தெலும்பு: பெயரில் இருக்கும் பாதி உண்மை!

மட்டன் கடையில் நெஞ்செலும்பு கேட்டு வாங்குறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். குழம்புல வெந்த பிறகு, அதோட நுனி பல்லுக்கு நடுவுல 'நறுக்'குனு கடிபடும். எலும்பு மாதிரி கெட்டியும் இல்லை, கறி மாதிரி மெத்துனும் இல்லை. அதுதான் குருத்தெலும்பு. உங்க காது மடலை மடக்கிவிட்டுப் பாருங்க, பழைய நிலைக்கே திரும்பிடும். அங்கே இருக்கிறதும் குருத்தெலும்புதான்.

தென்னை, பனை, வாழையின் உச்சியில் விரியாமல் இருக்கும் இளம் இலையைக் 'குருத்து' என்கிறோம். அந்த இலை போல இளசான எலும்பு என்பதால் குருத்தெலும்பு. இலங்கைத் தமிழில் இதைக் 'கசியிழையம்' என்கிறார்கள்.

ஆங்கிலத்தின் 'கார்ட்டிலேஜ்', லத்தீனில் இதே பொருள் தரும் 'கார்ட்டிலாகோ'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கிரேக்கத்தில் 'காண்ட்ரோஸ்'. அந்தச் சொல்லுக்குத் தானியக் குருணை என்றும் பொருள் உண்டு. உங்க ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'காண்ட்ரோ' என்று தொடங்கும் வார்த்தை இருந்தால், விஷயம் குருத்தெலும்பு பற்றியது என்று புரிஞ்சுக்கலாம். உதாரணமாக, 'காண்ட்ரோமலேசியா' என்றால் குருத்தெலும்பு மென்மையாகிவிட்டது என்று அர்த்தம். இல்லாத நோயை இருப்பதாக நினைத்துப் பயப்படும் 'ஹைப்போகாண்ட்ரியா'வும் இங்கிருந்து வந்ததுதான். அதன் நேரடிப் பொருள், 'விலாக் குருத்தெலும்புக்குக் கீழே'. மனச்சோர்வு அந்தப் பகுதி உறுப்புகளில்தான் பிறக்கிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள்.

சரி, தமிழ்ப் பெயர் எவ்வளவு பொருத்தம்? குழந்தைகளைப் பொறுத்தவரை, கச்சிதம். கருவில் பெரும்பாலான எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகவே உருவாகி, பிறகு எலும்பாக மாறுகின்றன. பிறந்த பிறகும் கை, கால் எலும்புகளின் முனைக்கு அருகே உள்ள குருத்தெலும்புத் தட்டுகளால்தான் பிள்ளைகள் உயரமாகிறார்கள். வளரும் வயது முடிந்ததும் அவை எலும்பாகி மூடிவிடும்.

பெரியவர்களிடம்தான் இந்தப் பெயர் நம்மை ஏமாற்றுகிறது. வாழையை வெட்டினால் மறுபடி குருத்து விடும். ஆனா, முழங்கால் மூட்டில் தேய்ந்த குருத்தெலும்பு அப்படித் துளிர்க்காது. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது, அதனால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் திறன் மிகக் குறைவு. மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். நரம்பும் கிடையாது என்பதால், தேய ஆரம்பிக்கும்போது வலியே தெரியாமல் போகலாம்.

'எலும்பு தேஞ்சுடுச்சு', 'ஜவ்வு போயிடுச்சு'னு நாம பொதுவா சொல்றோம். மூட்டுத் தேய்மானத்தில் முக்கியமாகத் தேய்வது, எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு. 'ஜவ்வு' என்பதோ தசைநார், மூட்டுக்குள் இருக்கும் பிறை வடிவ மெனிஸ்கஸ், முதுகுத்தண்டு வட்டு என்று எல்லாவற்றுக்கும் புழங்கும் வார்த்தை. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. அதனால், 'எதுல பிரச்னை டாக்டர்?'னு தெளிவா கேட்டுக்கோங்க.

ரத்தம் போகாத இடத்துக்குச் சாப்பாடு எப்படிப் போகும்? மூட்டுக்குள் ஊறும் திரவத்திலிருந்துதான். நீங்க நடக்கும்போது குருத்தெலும்பு பஞ்சு மாதிரி அமுங்கி, விரிந்து அந்தச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. 'தேஞ்சுடும்'னு பயந்து ஒரே இடத்தில் உட்கார்ந்துட்டா, பட்டினி போடுறது அதைத்தான்!