கயிறேற்றம்: ஒலிம்பிக்கில் இருந்து மறைந்த ஒரு போட்டி

உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட கயிற்றைப் பற்றி மேலேறும் பயிற்சி, 1811இல் பெர்லினை அடுத்த ஹாசன்ஹைடேயில் பிரீட்ரிஷ் லுட்விக் யான் திறந்த உடற்பயிற்சித் திடலின் வழிவந்த ஜெர்மானியக் கழகங்களிலும், 1862இல் பிராகாவில் தோன்றிய 'சோகோல்' என்னும் செக் உடற்பயிற்சி இயக்கத்திலும் வளர்ந்ததால், 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸின் ஒரு பிரிவாகவே அது இடம்பெற்றது. அங்கே கயிற்றின் உயரம் சுமார் 14 மீட்டர். போட்டியிட்ட ஐவரில் உச்சியைத் தொட்டவர்கள் இரு கிரேக்கர்கள் மட்டுமே, அவர்களுள் நிக்கொலாஸ் ஆண்ட்ரியகோபௌலோஸ் 23.4 விநாடிகளில் ஏறி வென்றார்.

1904இல் செயின்ட் லூயிஸில் 25 அடிக் கயிற்றை 7 விநாடிகளில் ஏறி முதலிடம் பெற்ற ஜார்ஜ் ஐசர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். ஒரு காலை இழந்து, மரக்காலுடன் வாழ்ந்த அவர் ஒரே நாளில் மூன்று தங்கம் உட்பட ஆறு பதக்கங்களை வென்றார். ஓடிவந்து தாண்ட வேண்டிய குதிரைத் தாண்டலிலும் அவர் தங்கம் பெற்றது கயிற்று வெற்றியைவிடவும் வியப்புக்குரியது எனலாம். ஆயினும் தோளும் முன்கையும் பிடியுமே உடலின் முழு எடையையும் சுமக்கும் கயிறேற்றத்தின் இயல்பை அவருடைய வெற்றியைப் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டவில்லை.

1896இன் 14 மீட்டருடன் ஒப்பிட்டால் பிந்தைய கயிறுகள் குறுகியவை. 1906இல் ஏதென்ஸில் நடந்த இடைக்கால விளையாட்டுகளில் 10 மீட்டராகவும், 1924இல் பாரிஸிலும் 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் 8 மீட்டராகவும் உயரம் குறைந்ததால், தாக்குப்பிடிக்கும் ஆற்றலைச் சோதித்த போட்டி வேகப் போட்டியாக மாறியது: பாரிஸில் செக்கோஸ்லோவாக்கியாவின் பெட்ரிக் ஷுப்சீக் 7.2 விநாடிகளிலும், லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவின் ரேமண்ட் பாஸ் 6.7 விநாடிகளிலும் ஏறினர். அதன்பின் ஒலிம்பிக்கில் கயிறேற்றம் இடம்பெறவே இல்லை.

அமெரிக்கக் கல்லூரிகளிலும் கழகங்களிலும் அது மேலும் முப்பது ஆண்டுகள் நீடித்தது. அங்கே போட்டியாளர் தரையில் அமர்ந்த நிலையில் தொடங்கி, கால்களால் கயிற்றைப் பின்னாமல் கைகளாலேயே ஏற வேண்டும். உச்சியில் பொருத்திய வட்டத் தட்டில் விளக்குக் கரி பூசப்பட்டிருக்கும், விரலில் கரி ஒட்டியிருந்தாலே அவர் அதைத் தொட்டது உறுதியாகும். இந்த எளிய சான்றுமுறை, ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கில் வெற்றி தீர்மானிக்கப்பட்ட அந்தப் போட்டிக்கு இன்றியமையாததாக இருந்தது. 1954இல் டான் பெர்ரி 20 அடிக் கயிற்றை 2.8 விநாடிகளில் ஏறிய சாதனை அந்தக் காலத்தின் உச்சம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் போட்டிப் பட்டியல்களிலிருந்தும் அது நீங்கியது. சோகோல் மரபு வேரூன்றிய செக் நாட்டிலோ 1990களில் கயிறேற்றப் போட்டிகள் மீண்டும் தொடங்கின.